நடத்தைச் சிகிச்சையாளர் ஆக 40 மணி நேரம் போதுமா?

“ஆட்டிசம் குழந்தைகளுக்குத் தெரபிஸ்ட் ஆகலாம். 40 மணி நேர ஆன்லைன் பயிற்சி. சர்வதேசச் சான்றிதழ். வளைகுடாவில் வேலை.” இந்த மாதிரி விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நிறையச் சுற்றுகின்றன. கீழக்கரை, ராமநாதபுரம், தொண்டி பக்கம் உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள். தங்கள் பிள்ளைக்கே ஆட்டிசம் இருப்பதால் இதைக் கற்றுக்கொள்ள நினைக்கும் தாய்மார்களுக்கும் அதே குழப்பம். சேரலாமா? கட்டும் பணம் வீணாகுமா? இதை முடித்தால் ஊரிலேயே ஒரு மையம் திறக்கலாமா?

இந்தப் பயிற்சிகளில் சொல்லித்தரும் நடத்தைச் சிகிச்சை பொய்யில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஒரு குழந்தைக்குச் சிகிச்சை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அதற்கான காரணம் பாதி சட்டத்தில் இருக்கிறது, பாதி வேலையின் தன்மையில் இருக்கிறது. வேலையிலிருந்தே தொடங்குவோம்.

ஆட்டிசம் என்பது எது

1943இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் ஆட்டிசத்தைத் தனி நிலையாகப் பார்க்கத் தொடங்கியது. இன்று வழக்கில் உள்ள வரையறை 2013இல் வந்தது. அதன்படி இரண்டு பக்கமும் சேர்ந்து இருந்தால்தான் ஆட்டிசம். ஒன்று, மற்றவர்களோடு பேசுவதிலும் பழகுவதிலும் உள்ள சிரமம். இன்னொன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாமல் போவது, ஒலி, ஒளி, தொடுதல், சுவை இவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது. பேச்சே வராத குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் இருக்கலாம்.

அரசுத் தாள்களில் ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் தவறான படத்தைத் தருகிறது. பக்கத்து ஐஸ் பேக்டரி மோட்டார் ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு படுக்கும் குழந்தை, புறவுலகத்தை நம்மைவிடப் பல மடங்கு உணர்கிறது. மையங்களிலும் வீடுகளிலும் எல்லோரும் சொல்வது ஆட்டிசம் என்றுதான். இங்கேயும் அப்படியே சொல்வோம்.

இது மனநோய் இல்லை. இந்த ராமநாதபுரக் கரையில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் இறந்துபோனார்கள். அவர்களுக்கு வந்தது நோய். மருந்தும் பராமரிப்பும் கிடைத்திருக்க வேண்டியவர்கள். ஆட்டிசம் பிறவியிலேயே வரும் வளர்ச்சி வேறுபாடு. ஆனால் பேச்சு வராத, ஓரிடத்தில் நிற்காமல் ஓடும் குழந்தையைப் பார்த்ததும் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஏர்வாடி தர்கா, ஓரியூர் கோயில், குலதெய்வம் என்று முதலில் கூட்டிப்போவதும் எல்லா மதத்தாரிடமும் உண்டு. வேண்டுதலை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அதற்காக இரண்டு, மூன்று வயதில் கிடைக்கும் காலம் கைநழுவிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஆட்டிசம் இருக்கிறதா என்று முடிவு செய்வது நடத்தைச் சிகிச்சையாளரின் வேலை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதை மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் செய்வார்கள். இந்தியாவில் ஊனச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது என்று கணக்கு.

நடத்தைச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்

பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்பது இதன் முழுப்பெயர். மையங்களில் ‘ஏபிஏ’ என்று சொன்னால் போதும். விளக்கத்தைவிட ஓர் எடுத்துக்காட்டு எளிது.

பாம்பனில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஆறு வயது. பேச்சு இல்லை. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் அப்பத்தாதான் மதியச் சோறு போடுகிறார். சில நாள் தட்டை அப்படியே சுவரில் எறிகிறான். சில நாள் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். “பிடிவாதம், அப்பன் மாதிரி” என்கிறது வீடு.

பயிற்சி பெற்றவர் முதலில் எந்த முடிவுக்கும் வரமாட்டார். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பத்து நாள் எழுதச் சொல்வார். அப்பத்தாவுக்கு எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும், இல்லை போனில் குரல் பதிவு போடட்டும். பத்தாம் நாள் நோட்டைப் பார்த்தால் இப்படி இருக்கிறது: குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, எறிந்தான், தட்டை எடுத்துவிட்டு பிஸ்கட் கொடுத்தேன். ரசச் சோறு, எறிந்தான், பிஸ்கட். வெறும் சோறும் பொரித்த மீனும், முழுக்கச் சாப்பிட்டான். மறுபடி குழம்பு, எறிந்தான். வெறும் சோறும் அப்பளமும், சாப்பிட்டான்.

இப்போது பிடிவாதம் என்ற சொல்லுக்கு வேலை இல்லை. ஈரமாகக் குழைந்த சோறு அவன் வாய்க்கும் கைக்கும் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை. எறிந்தால் அது கண்முன்னிருந்து போய்விடுகிறது, கூடவே பிஸ்கட்டும் வருகிறது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் எறிவதுதான் அவனுடைய பேச்சு.

அடுத்து செய்ய வேண்டியது மூன்று.

1. சூழலை மாற்றுவது. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். பாதிப் பிரச்சினை அன்றைக்கே குறைந்துவிடும்.

2. எறிவதற்குப் பதிலாக ஒரு பேச்சைக் கற்றுத்தருவது. கையை விரித்துக் காட்டும் ‘வேண்டாம்’ சைகையோ, ஒரு படமோ. தொடக்கத்தில் அவன் கையை மெதுவாகத் தொட்டு உதவி செய்து, உடனே தட்டை நகர்த்த வேண்டும். ‘வேண்டாம்’ என்று காட்டினால் உண்மையிலேயே அது நிற்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நடத்தையின் காரணத்துக்கு ஈடான ஒரு பேச்சைக் கொடுக்கும் இந்த முறையை 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் ஆய்வில் காட்டினார்கள். இந்தத் துறை செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் சொல்வேன்.

3. எறிந்தபின் பிஸ்கட் தருவதை நிறுத்துவது. பிஸ்கட் சாப்பாடு முடிந்தபின் தனியாக வரட்டும்.

மூன்றாவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால், குழந்தை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். இரண்டு, மூன்று நாள் எறிவது கூடும்; அழுகை கூடும். இது எதிர்பார்க்க வேண்டிய ஏற்றம், பிறகு இறங்கும். அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பிஸ்கட் திரும்பி வரும். இன்னும் பலமாக எறிந்தால்தான் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொள்வான். இன்னொன்று, ‘வேண்டாம்’ என்று சொல்ல வழி தராமல் பிஸ்கட்டை மட்டும் நிறுத்தினால், இருந்த ஒரே வாயையும் அடைத்த மாதிரி ஆகிவிடும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

ஒரு நடத்தை தொடர்வதற்கான காரணங்களை நான்காகப் பிரிக்கிறார்கள்:

1. யாராவது கவனிக்க வேண்டும்.
2. பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப வேண்டும்.
3. ஒரு பொருளோ செயலோ வேண்டும்.
4. அந்தச் செயலே உடம்புக்கு ஓர் உணர்வைத் தருகிறது.

ஒரே செயலுக்கு நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம். தலையைச் சுவரில் முட்டும் இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு வேறு திட்டம் வேண்டும். (காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எந்தத் திட்டமும். பேச முடியாத குழந்தையின் வலி நடத்தையாகத்தான் வெளியே வரும்.)

மற்றபடி அன்றாட வேலை பெரும்பாலும் கற்பித்தல்தான். குளிப்பதை எடுத்துக்கொண்டால், வாளிப் பக்கம் போய் நிற்பது, கப்பை எடுப்பது, தண்ணீர் மொள்வது, தோளில் ஊற்றுவது என்று பத்துப் பன்னிரண்டு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொன்றாகக் கற்றுத்தந்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது. சரியாகச் செய்ததும் அந்தக் குழந்தைக்குப் பிடித்த ஒன்று உடனே கிடைக்கும். அதற்குப் பெயர் வலுவூட்டல். எது பிடிக்கும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவனுக்கு மிட்டாய், இன்னொருவனுக்கு நைலான் வலைத் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பது.

இரண்டு 40 மணி நேரங்கள்

விளம்பரங்களில் வரும் 40 என்ற எண் எங்கிருந்து வந்தது? இரண்டு வேறு இடங்களிலிருந்து. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதால்தான் பெற்றோரும் குழம்புகிறார்கள், படிக்க வருகிறவர்களும் குழம்புகிறார்கள்.

முதல் 40, குழந்தைக்கானது. 1987இல் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் சுமார் 40 மணி நேரம், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சி. அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் போலவே முதல் வகுப்பை முடித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் எந்தக் குழந்தைக்கு இந்தப் பயிற்சி, எந்தக் குழந்தை ஒப்பிடும் குழுவில் என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை; ஆகவே பலன் முழுக்கப் பயிற்சியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதட்டுவது, தொடையில் அடிப்பது போன்ற தண்டனைகளும் அந்தத் திட்டத்தில் இருந்தன. இன்று அவற்றை எந்தப் பொறுப்பான மையமும் ஏற்காது. பின்னால் வந்த ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன, குழந்தைக்குக் குழந்தை அது மிகவும் மாறும் என்றும் சொல்கின்றன. ‘வாரம் 40 மணி நேரம் கொடுத்தால் பாதிப் பேர் சரியாகிவிடுவார்கள்’ என்று ஒரு மையம் சொன்னால், அது இந்த ஒரே ஆய்வை இழுத்து நீட்டிச் சொல்கிறது.

இரண்டாவது 40, பயிற்சியாளருக்கானது. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம், 2014இல் ‘பதிவுபெற்ற நடத்தைத் தொழில்நுட்பர்’ என்ற அடிப்படைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஆர்பிடி. அதற்கு 40 மணி நேர வகுப்பு முதல் படி மட்டும். பிறகு ஒரு மேற்பார்வையாளர் முன்னால் செய்து காட்டும் திறன் சோதனை, பிறகு தேர்வு. தேறிய பிறகும் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்ய முடியாது. அதாவது அந்தச் சான்றிதழின் பொருளே ‘இவர் இன்னொருவர் கண்காணிப்பில் வேலை செய்கிறவர்’ என்பதுதான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: 2023 ஜனவரி முதல் அந்த வாரியம் இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து புதிய விண்ணப்பங்களை வாங்குவதில்லை. ஆகவே ‘எங்கள் வகுப்பை முடித்தால் நீங்கள் ஆர்பிடி’ என்று இங்கே யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கியூஏபிஏ, ஐபிஏஓ என்று வேறு இரண்டு சர்வதேச அமைப்புகள் இந்தியர்களுக்கும் சான்றளிக்கின்றன. அவையும் வகுப்பு, மேற்பார்வையில் வேலை, தேர்வு என்ற மூன்றையும் கேட்கின்றன. வகுப்பை மட்டும் விற்கும் நிறுவனம் தருவது வருகைச் சான்றிதழ்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம். மாற்றுத்திறனாளிகளோடு தொழில்முறையாக வேலை செய்யும் சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் அந்தக் கழகம் அங்கீகரித்த படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பதிவேட்டில் ‘நடத்தைச் சிகிச்சையாளர்’ என்று தனிப் பிரிவு கிடையாது. அந்த ஓட்டையில்தான் குறுகிய காலப் பயிற்சிகள் வளர்கின்றன. பிரிவு இல்லாததால் அனுமதியும் தேவையில்லை என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். நடைமுறையில் அவர்கள் செய்வது சிறப்பாசிரியரும் உளவியலாளரும் செய்யும் வேலை. ஆகவே அந்த விளக்கத்தை நம்பி மையம் திறப்பது ஆபத்து.

இரண்டாவது, இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021. இதன் அட்டவணையில் நடத்தை நலப் பிரிவின் கீழ் ‘நடத்தைப் பகுப்பாய்வாளர்’ என்ற பெயர் இருக்கிறது. இந்தச் சட்டம் இணைத் தொழில்வல்லுநருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பையும், நலவாழ்வுத் தொழில்வல்லுநருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பையும் கேட்கிறது. 40க்கும் 2,000க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இன்று இருபது வயதில் இருப்பவர் இந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருக்கப்போகிறார். சட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது

என் கணிப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நம்பகமான வரிசை ஒன்றுதான்: முதலில் மறுவாழ்வுக் கழகப் பதிவு தரும் படிப்பு, அதன்மேல் நடத்தைச் சிகிச்சைப் பயிற்சி. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் பிறகு மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும்.

1. பிளஸ் டூ முடித்தவர்கள்: சிறப்புக் கல்வியில் இரண்டாண்டுப் பட்டயம்.

2. பட்டம் முடித்தவர்கள்: சிறப்புக் கல்வியில் பி.எட். ஆட்டிசத்தையோ அறிவுசார் குறைபாட்டையோ சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று கழகத்தின் இணையதளத்தில் பார்ப்பது கட்டாயம்.

3. உளவியலில் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள்: மருத்துவ உளவியல். நீண்ட பாதை, இடமும் குறைவு. ஆனால் இந்த மூன்றில் மதிப்பீடு செய்யவும் சான்று எழுதவும் தகுதி தருவது அதுதான்.

பக்கத்தில் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்வேன். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். சிறப்புக் கல்வியிலும் சிறு குழந்தைகளுக்கான முன்தலையீட்டிலும் (சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சி) அங்கே படிப்புகள் உண்டு. இன்னொன்று தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கிராமம் கிராமமாகப் போய் வீட்டிலேயே பயிற்சி தருவதை அங்கே பார்க்கலாம். கரையோர ஊர்களில் வேலை செய்யப்போகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த மாதிரி வேலையைத்தான்.

படிப்பு முடிந்தால் பதிவு. அந்தப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; இடையில் தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? தனியார் மையங்கள் பெரும்பாலும் மதுரையிலும் சென்னையிலும். மாவட்டத்துக்குள் பார்த்தால் சிறப்புப் பள்ளிகள், மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்கள், மாற்றுத்திறனாளிகளுக்காக மாநில அரசு படிப்படியாகத் திறந்துவரும் ‘விழுதுகள்’ சேவை மையங்கள். இவை எல்லாவற்றிலும் பணியிடத்தின் பெயர் சிறப்புப் பயிற்றுநர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் என்றுதான் இருக்கும். அரசு வேலைக்கு எந்தத் தகுதி வேண்டும் என்பதற்கு இந்தப் பெயர்களே பதில். பல பணியிடங்கள் தொகுப்பூதியம். சம்பளம் தொடக்கத்தில் குறைவு என்பதைத் தெரிந்தே வர வேண்டும்.

இந்தக் கரையில் வேலை எப்படி இருக்கும்

பாடப்புத்தகங்கள் நகரத்துக் குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அப்பா காலையில் அலுவலகம் போவார், மாலையில் வருவார், குழந்தை வாரம் ஐந்து நாள் மையத்துக்கு வரும். ராமேசுவரத்தில் விசைப்படகுக் குடும்பத்தின் வாரம் அப்படி இல்லை. திங்கள், புதன், சனி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் கரை சேருவார்கள். வீட்டின் தூக்கம், சாப்பாடு, சத்தம் எல்லாமே ஒருநாள் விட்டு ஒருநாள் மாறும். மாற்றத்தைத் தாங்க முடியாத குழந்தைக்கு இது பெரிய விஷயம். இந்த வீட்டுக்கு ஒரு படக் காலண்டர் செய்து, கடலுக்குப் போகும் நாளில் படகுப் படத்தை ஒட்டிக் காட்டினால், “அப்பா எங்கே” என்ற பதற்றம் குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருக்கும் காலம் அதுதான். அவருக்குப் பயிற்சி தர வேண்டுமென்றால் அதைவிட நல்ல நேரம் வராது. கையில் காசில்லாத காலமும் அதுதான் என்பதால், மையத்துக்கு வரச் சொல்லாமல் நாம் வீட்டுக்குப் போவது நல்லது.

கீழக்கரையில் வேறு கதை. அப்பா வளைகுடாவில், வீடியோ காலில். அங்கே பாட்டியும் சாச்சியும் (சித்தி) சேர்ந்துதான் பிள்ளையை வளர்க்கிறார்கள். இங்கே மொழியைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ‘உம்மா’, ‘வாப்பா’, ‘ஆணம்’ என்று பேசும் குழந்தைக்கு ‘அம்மா’, ‘அப்பா’, ‘குழம்பு’ என்று கற்றுத்தந்தால், மையத்தில் சொல்லும், வீட்டில் சொல்லாது. கடையில் வாங்கும் படஅட்டைகளில் ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும். அந்த வீட்டுச் செம்பு, அந்த வீட்டுப் பாய், அந்தத் தெருக் கடை இவற்றைப் போனில் படம் எடுத்து அச்சடித்தால் ஒரு நாள் வேலை, பலன் அதில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துபோய்விடுவார்கள். பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. அப்படிப் போகும் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது உலகெங்கும் பதிவாகியிருக்கும் ஆபத்து. தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ வீட்டு வாசலிலிருந்து கடல் எத்தனை அடி? வட்டம், சதுரம், நிறம் என்று பாடத்திட்டத்தில் எது இருந்தாலும், இந்தக் குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியவை இவை:

1. பெயர் சொல்லி ‘நில்’ என்றால் நிற்பது. இதை முற்றத்தில் தொடங்கி, தெருவில், பிறகு மணலில் என்று இடம் மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் நிற்கத் தெரிந்தால் பயனில்லை.

2. கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்கும் வழி. ஒரு படம் போதும். கேட்டால் யாராவது கூட்டிப்போவார்கள் என்று தெரிந்த குழந்தை தனியாகப் போவது குறையும்.

3. நீச்சல். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கலை. ஆட்டிசம் என்பதற்காக இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முதலில் கற்க வேண்டியவன் அவன்தான்.

4. அக்கம்பக்கம். பக்கத்து வீடு, கரையில் வலை பின்னுகிறவர்கள், ஏலக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பிள்ளையைக் காட்டி, தனியாகப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைப்பது. இதுவும் சிகிச்சைத் திட்டத்தின் பகுதிதான்.

இப்படிப் பார்த்தால் ஒன்று விளங்கும். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். வாரம் 40 மணி நேரம் எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. இந்தக் கரையில் நடத்தைச் சிகிச்சையாளரின் உண்மையான மாணவர்கள் அம்மா, அப்பத்தா, அக்கா, வகுப்பு டீச்சர். வாரம் இரண்டு மணி நேரம் நாம் குழந்தையோடு இருப்போம். மற்ற நேரமெல்லாம் அவர்கள்தான். ஆகவே பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுமை இல்லாதவருக்கு இந்த ஊரில் இந்த வேலை கைகொடுக்காது.

குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்காத வீட்டைப் பார்த்தால், அந்த வாரச் செஷனில் பாதியை விண்ணப்பம் போட உதவுவதற்குச் செலவழித்தாலும் தவறில்லை.

செய்யக் கூடாதவை

ஏபிஏ முறையில் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் அந்த அனுபவத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறார்கள். கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று வற்புறுத்தினார்கள்; கையை ஆட்டாதே என்று அடக்கினார்கள்; வலித்தபோதும் சொன்னதைச் செய்தால்தான் விட்டார்கள். இந்தக் குறையைத் தொழிலில் இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தொடங்கும்போதே. சந்தோஷத்தில் கையை உதறும் குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அது யாரையும் காயப்படுத்தவில்லை. மாற்ற நினைக்கும் ஒவ்வொரு நடத்தைக்கும் முன்னால், ‘இது மாறினால் குழந்தைக்கு என்ன நன்மை’ என்று எழுதிப் பாருங்கள். பார்க்கிறவர்களின் சங்கடம் மட்டும் காரணமாக வந்தால் விட்டுவிடுங்கள்.

எதற்கும் மறுக்காத பிள்ளையாக ஆக்குவது இன்னொரு வகையிலும் ஆபத்து. பெரியவர் யார் சொன்னாலும் கீழ்ப்படியும் குழந்தையைத் தவறாகத் தொடுவது எளிது. ‘வேண்டாம்’ சொல்லக் கற்றுத்தருவது பாதுகாப்பும்கூட. சிகிச்சையாளரும் சந்தேகத்துக்கு இடம் தராமல் வேலை செய்ய வேண்டும்: கதவு திறந்திருக்கட்டும், கழிப்பறைப் பயிற்சியில் வீட்டார் ஒருவர் உடன் இருக்கட்டும். குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்வது கட்டாயம், மறைப்பது குற்றம்.

குணமாக்கித் தருகிறோம் என்ற பேச்சும் வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத் தரப்பு 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்காகப் படகை விற்கவும் நகையை அடகு வைக்கவும் துணியும் குடும்பம் முதலில் யோசனை கேட்பது தன் வீட்டுக்கு வாராவாரம் வரும் தெரபிஸ்ட்டிடம்தான். அப்போது மழுப்பாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மையத்தில் சேரும் முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு மேற்பார்வையாளர் யார்? அவருடைய பதிவு எண் என்ன? வாரத்தில் எத்தனை மணி நேரம் என் செஷனில் வந்து உட்காருவார்? ‘போனில் கேட்டுக்கொள்ளலாம்’ என்பது மேற்பார்வை ஆகாது.

2. ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள்? 45 நிமிடத்துக்கு ஒருவர் என்று வரிசையாகப் பத்துப் பேரைக் கொடுத்தால், நோட்டில் எழுதக்கூட நேரம் இருக்காது. எழுதாத இடத்தில் நடத்தைச் சிகிச்சை நடப்பதில்லை.

3. செஷனைப் பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? கதவைச் சாத்திவிட்டுச் செய்யும் மையத்தில் சேர வேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டிய அம்மா வெளி பெஞ்சில் காத்திருந்தால் வீட்டில் எதுவும் மாறாது.

4. பேச்சுப் பயிற்சியாளரும் செயல்முறைப் பயிற்சியாளரும் (கைவேலை, அன்றாடச் செயல்களைப் பழக்குகிறவர்) இருக்கிறார்களா? பேச்சு வராததற்கும் பென்சில் பிடிக்க முடியாததற்கும் நடத்தைச் சிகிச்சை மட்டும் பதில் சொல்லாது.

5. முதல் வாரம் என்ன செய்யச் சொல்வீர்கள்? முதல் நாளே மேசையில் உட்காரவைத்துப் பாடம் தொடங்கச் சொன்னால் யோசியுங்கள். தெரிந்த மையம் உங்களைத் தரையில் உட்காரச் சொல்லும். கட்டளை எதுவும் இல்லாமல், கேள்வி எதுவும் கேட்காமல், குழந்தை எதை உருட்டுகிறதோ அதை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டச் சொல்லும். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அது தானாக நகர்ந்து வந்து உங்கள் கையைப் பிடித்துப் பொம்மைப் பெட்டிப் பக்கம் இழுக்கும். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.